நேவா வங்கியிலிருந்து இராசமணி

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
06.02.2005

அக்கா,

பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு என்ரை எழுத்தைக் கண்டவுடனை ஆருக்கோ என்னவோ நடந்திட்டுது எண்டு பயப்பிடாதேங்கோ. எல்லாரும் சுகம். வீட்டிலை இவருக்குப் பிறஷர், மாத்திரையோடை ஓடுது. மகள் வினோஜா பல்கலைக்கழகத்திலை ரண்டாம் வருசம்.

நான் இப்ப ஸ்தூவ்னர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலை வேலை. வயசுபோன நோர்வேக்காரரைக் குளிக்க வாக்கிறது, சாப்பாடு குடுக்கிறது, கதைச்சுக்கொண்டு இருக்கிறது. பதினாலாம் நம்பர் அறையிலை ஹல்வோர் எண்டு ஒருத்தர், எண்பது வயசு. கால் ரண்டும் ஏலாது, மூளை கத்தி மாதிரி. முந்தி இஞ்சை ஒரு பாங்கிலை வெளிநாட்டுப் பிரிவிலை இருந்தவராம்.

போன கிழமை அவருக்குச் சவரம் எடுத்துக்கொண்டு நிற்க, "நீ எந்த நாடு?" எண்டு கேட்டார். சிறீலங்கா எண்டன். "சிலோனா! எனக்குச் சிலோன்காரி ஒரு சிநேகிதி இருந்தவ. பதினெட்டு வருசம் ஒவ்வொரு நாளும் கம்பியாலை எழுத்துத் தட்டிக் கதைச்சம். ஒரு நாளும் கண்டதில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை" எண்டார். கிழவன் அலட்டுது எண்டுதான் முதல் நினைச்சன். பேந்து அவர் சொன்னார், லண்டனிலை ருஷ்யாக்காரர் நடத்தின நேவா வங்கி எண்டு ஒண்டு, அதின்ரை ரெலெக்ஸ் அறையிலை மணி எண்டு ஒருத்தி. "எங்கடை பாங்கிலை அமெரிக்கன் எழுதினாலும் ரண்டு தரம் பாப்பம். மணி எழுதினா ஒரு தரந்தான்" எண்டார்.

சவரக் கத்தியைக் கீழை வைச்சிட்டன். அது என்ரை அக்கா எண்டு அவருக்குச் சொல்லேல்லை.

இன்னொண்டும் சொன்னார். 1991 டிசம்பரிலை, ருஷ்யா கவிழுற நேரம், ஒஸ்லோத் துறைமுகத்திலை ருஷ்யாவுக்குப் போக ஒரு கப்பல் நிறைய இன்சுலின் நிண்டதாம். அதை மணிதான் அனுப்பி வைச்சவளாம். என்ன திகதி எண்டு கேட்டன். பதின்மூண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை எண்டார்.

அந்தத் திகதி எனக்கு என்ன திகதி எண்டு உங்களுக்குத் தெரியும். அண்டைக்கு அம்மா செத்தவ. அம்மாவுக்குக் கடுமை எண்டு செவ்வாய்க்கிழமை நான் அடிக்க, "பாங்கிலை வேலை, வெள்ளிக்கிழமை வாறன்" எண்டு மட்டுந்தான் நீங்கள் ரெலிபோனிலை சொன்னனீங்கள். கப்பல் எண்டு சொல்லேல்லை. இன்சுலின் எண்டு சொல்லேல்லை. ஏன் அக்கா, ஒரு கிழவன்ரை வாயாலை நான் இதைக் கேக்கவேண்டி வந்தது?

கோபம் போயிட்டுது எண்டு நினையாதேங்கோ. கேள்விக்குப் பதில் வேணும்.

தேவிகா


ரூட்டிங், லண்டன்
21.02.2005

தேவிகாவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் உடைத்தேன். சுகமாக இருக்கிறேன். வலது கையில் வாதம். ரெலெக்ஸ் தட்டிய கை, வேறென்ன வரும்.

ஹல்வோர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பல தடவை வாசித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முதல் அந்த வங்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது என்னவென்று உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பகிடி. 1967இல் நான் அங்கே சேர்ந்தபோது, இங்கிருந்த அருளானந்தன் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "பொலிஸ் உன்ர பேரை எழுதிப்போடும், அமெரிக்காவுக்கு ஒருநாளும் போகேலாது. கொம்யூனிஸ்ற்றுக்கு என்னத்துக்குப் பாங்க்?" என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் முப்பத்தொரு வருடம் அங்கே இருந்தேன் போலிருக்கிறது.

சோவியத் அரசுக்கு லண்டனில் வங்கி, பாரிசில் வங்கி, பிறகு பிராங்பேர்ட்டில், சூரிச்சில், வியன்னாவில் எல்லாம் வங்கி இருந்தது. லண்டனில் இருந்த பெரியது மொஸ்கோ நரோட்னி. 1919இலிருந்து இருந்தது. நாங்கள் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை மாதிரி. கோதுமை வாங்க, யந்திரம் வாங்க, மரமும் எண்ணெயும் விற்க அவர்களுக்கு மேற்கு நாட்டுக் காசு வேண்டும். அதற்கு இந்த ஊர்ச் சட்டத்துக்குள் நிற்கிற வங்கி வேண்டும். ஐம்பதுகளில், அமெரிக்கன் தங்கள் டொலரை முடக்கிவிடுவான் என்ற பயத்தில் அதை நியூயோர்க்கில் வைக்காமல் பாரிசிலும் லண்டனிலும் தங்கள் வங்கிகளில் வைத்தார்களாம். அந்த வங்கிகள் அதைக் கடனாகக் கொடுத்தன. இன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றுகிற அந்தப் பெரிய வெளிநாட்டு டொலர்ச் சந்தை அப்படித்தான் முளைத்தது, அதன் பெயர்கூடப் பாரிஸ் வங்கியின் ரெலெக்ஸ் விலாசத்திலிருந்து வந்தது என்று எங்கள் பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். முதலாளிகளின் சந்தைக்கு விதை போட்டது கொம்யூனிஸ்ற் அரசாங்கம். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

எங்கள் வாசலில் செங்கொடி இல்லை. லெனின் படம் இல்லை. தலைவர் ருஷ்யர், அவருக்குக் கீழே நாலைந்து ருஷ்யர், மற்ற எல்லோரும் ஆங்கிலேயரும் என்னைப் போன்றவர்களும். மே தினத்துக்கும் விடுமுறை, கிறிஸ்மஸுக்கும் விடுமுறை. மத்தியானச் சாப்பாடு வங்கிச் செலவு. தலைவரும் வாசல்காரனும் ஒரே வரிசையில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பார்கள். மற்ற வங்கிகளில் பெண்களைத் தட்டெழுத்துக்கு மேலே விடாத காலத்தில், என்னிடம் ரெலெக்ஸ் அறையின் சாவியையே தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் படித்த இருபத்துநாலு வயதுப் பெண்ணிடம்.

எல்லோரும் எங்களைச் சந்தேகப்பட்டார்கள். அதனால் எங்களுக்கு ஒரு பிழையும் விட அனுமதி இல்லை. ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் "பார், கொம்யூனிஸ்ற்" என்பார்கள். நான் இருந்த காலம் முழுக்க ஒரு கொடுப்பனவும் பிந்தியதில்லை. அந்த வங்கியை நான் மதித்தேன், தேவிகா. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மற்றதைப் பற்றி இன்றைக்கு எழுத முடியவில்லை. கை நோகிறது.

இராசமணி


ஹவுகன்ஸ்டுவா
13.03.2005

அக்கா,

கை நோகுது எண்டு தப்பியிட்டியள். பரவாயில்லை. நீங்கள் சொல்லாததை அவர் சொல்லியிட்டார்.

ஓம், நான் அவருக்குச் சொல்லிப்போட்டன். உங்கடை கடிதம் வந்த அடுத்த நாள் வேலைக்குப் போய், போர்வையை மடிச்சுக்கொண்டு, "மணி என்ரை சொந்த அக்கா" எண்டன். அவர் என்னை மேலும் கீழும் பாத்தார். பேந்து தலைமயிரைச் சீவிவிடச் சொன்னார். சீவி முடிஞ்சாப் பிறகுதான் கதைச்சார். மரியாதையான ஆள்.

அவர் சொன்னதை அப்பிடியே எழுதிறன், பிழையெண்டா திருத்துங்கோ.

அந்தக் கிழமை மொஸ்கோவிலை இருக்கிற அரசாங்கப் பாங்க் வெளிநாட்டுக்குக் காசு அனுப்புறதை நிப்பாட்டப் போகுது எண்டு கதை. ருஷ்யாப் பக்கத்துக் கடதாசி ஒண்டையும் ஒருத்தரும் ஏற்கேல்லை. இன்சுலின் ஏத்தின கப்பல் காசுக்கு உறுதி இல்லாமல் வெளிக்கிடாது. குளிர் கூடினா மருந்து உறைஞ்சு பழுதாப்போம். உங்கடை பாங்க் உறுதி குடுக்குது எண்டு நீங்கள் ரெலெக்ஸ் அடிச்சியள். ஹல்வோரின்ரை மேலதிகாரி, "அந்த நாடே வாற கிழமை இருக்குமோ தெரியாது, கப்பலை விடாதை" எண்டிட்டார். ஹல்வோர் திருப்பி அடிச்சுக் கேட்டார், "நிச்சயமோ?" எண்டு. நீங்கள் அடிச்ச பதில் அவருக்கு இண்டைக்கும் பாடம்: "எங்கள் தலைவர் ஒப்பமிட்டுவிட்டார். உறுதிப் பத்திரம் உங்கள் கைக்கு வந்து சேரும்வரை நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்."

அந்த வசனத்தைக் கடதாசியோடை கிழிச்சுக்கொண்டு போய் மேலதிகாரிக்கு முன்னாலை வைச்சு, "இதுக்கு நான் பொறுப்பு" எண்டு தன்ரை கையெழுத்தைப் போட்டாராம். வேலை போயிருக்கும் அக்கா, காசு வராட்டி. திங்கட்கிழமை காசு வந்திட்டுது. சதம் குறையேல்லை.

அப்ப நான் சொன்னன், "அந்த வெள்ளிக்கிழமை எங்கடை அம்மா இஞ்சை ஒஸ்லோ ஆஸ்பத்திரியிலை மோசம் போனவ" எண்டு. ஜன்னல் பக்கம் பாத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பத்திரம் என்ரை கைக்கு வந்து, கடைசி ரெலெக்ஸ் முடிஞ்ச பிறகு மணி ஒரு கேள்வி கேட்டவள். பதினெட்டு வருசத்திலை வேலையைத் தவிர வேறை ஒண்டும் கேக்காதவள். 'ஒஸ்லோவில் காலநிலை எப்படி?' எண்டு கேட்டவள்" எண்டார். "மைனஸ் ஏழு, நல்ல வெயில், மரமெல்லாம் பனி எண்டு அடிச்சன். அவளுக்கு ஏன் அது எண்டு நான் யோசிக்கேல்லை. ஆஸ்பத்திரி என்ரை கந்தோரிலை இருந்து ட்ராமிலை பத்து நிமிசம். சொல்லியிருந்தா நான் போய்ப் பக்கத்திலை இருந்திருப்பன்."

நான் வெளியிலை போய்ப் படுக்கைத் துணி வைக்கிற அறையிலை நிண்டு அழுதன்.

நீங்கள் காலநிலை கேட்டது பதினொரு மணிக்காம். அம்மா போனது ஒன்பதே முக்கால். நான் உங்கடை வீட்டுக்கு ரெலிபோன் அடிச்சன். ஆரும் எடுக்கேல்லை. பாங்குக்கு அடிச்சிருக்கலாம், நம்பர் இருந்தது. வேணுமெண்டுதான் அடிக்கேல்லை.

தேவிகா


ரூட்டிங்
10.04.2005

தேவிகாவுக்கு,

திருத்த ஒன்றும் இல்லை. ஹல்வோர் எப்போதும் சரியாகத்தான் வைத்திருப்பார். அவர் கையெழுத்தில் பொறுப்பெடுத்தது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அடித்ததெல்லாம் "ஏற்றுக்கொண்டோம்" என்ற ஒரு சொல்.

நீ செவ்வாய்க்கிழமை அழைத்தபோது நான் ஏன் அன்றைக்கே வரவில்லை என்பதுதான் உன் கேள்வி. சொல்கிறேன்.

ரெலெக்ஸில் வருகிற செய்தி உண்மையில் எங்களுடையதுதான் என்று மற்ற வங்கி நம்புவதற்கு, மேலே ஒரு இரகசிய இலக்கம் போடவேண்டும். திகதி, தொகை, எந்த நாட்டுக் காசு என்று பார்த்து, பூட்டி வைத்த புத்தகத்திலிருந்து கூட்டிக் கணக்கிடுகிற இலக்கம். அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பு இரண்டே பேர். மற்றவர் ஒரு ருஷ்யர், அவரை அந்தத் திங்கட்கிழமை மொஸ்கோ திருப்பி அழைத்துவிட்டது. மிஞ்சியது நான். நான் எழும்பினால் வங்கி ஊமை. அந்தக் கிழமை எங்கள் பதிலுக்காகப் பல நாட்டு வங்கிகள் காத்து நின்றன, அந்தக் கப்பல் மட்டுமில்லை.

வியாழக்கிழமை காலை தலைவரிடம் போனேன். "மொஸ்கோ காசு அனுப்பாவிட்டால்?" என்று கேட்டேன். அவர் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவர் நாடு துண்டு துண்டாகப் போகிற செய்தி. அதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது இங்கிலாந்துச் சட்டப்படி பதிந்த வங்கி, மிஸ் மணி. எங்களிடம் கையில் இருப்பதில் கொடுப்போம். நாடு இருக்குமோ தெரியாது, கையெழுத்து இருக்கும்." பிறகு, "உங்கள் தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டேன். போகிறதென்றால் போங்கள், நான் தடுக்கமாட்டேன்" என்றும் சொன்னார்.

ஆகவே என்னை ஒருவரும் மறிக்கவில்லை, தேவிகா. இதை நீ வடிவாக விளங்கவேண்டும். நானாகத்தான் இருந்தேன். அந்தக் கிழமை வேலை வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு முடியும், அம்மா அன்று பின்னேரம்வரை இருப்பா என்று நினைத்தேன். அது என் பிழை. வேலையில் நான் விடாத பிழையை வீட்டில் விட்டேன். அந்த இன்சுலின் யாருக்குப் போனது, யார் பிழைத்தார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நோர்வேக்காரர் புகழ்ந்தார் என்பதற்காக இப்போது என்னைத் தூக்கி வைக்காதே. அம்மா என்னைத் தேடினாவா இல்லையா என்று கேட்கவே எனக்குப் பதின்மூன்று வருடம் துணிவு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் வாசலில் நின்றபோது, "உங்கடை பாங்குக்கே போங்கோ" என்று நீ சொன்னாய். அது அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. எரிக்கிற அன்று கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போனேன். நீ கண்டாய் என்று தெரியும்.

ஏழு வருடம் கழித்து வங்கியை மூடினார்கள். கடைசி நாள் எனக்கு ஒரு மணிக்கூடு தந்தார்கள். பழைய தலைவர் தன் ஊரிலிருந்து ஒரு தபால்மட்டை போட்டிருந்தார்: "எங்கள் வங்கி ஒருவரையும் ஏமாற்றவில்லை. இதில் பாதி உங்கள் வேலை." எங்கள் குடும்பத்தில் அதைக் காட்ட ஆள் இருக்கவில்லை.

இராசமணி


ஹவுகன்ஸ்டுவா
24.04.2005

அக்கா,

கடிதத்தை வீட்டிலை இவருக்கும் வாசிச்சுக் காட்டினன். இவர் எழும்பிப் போய் ரெலிபோனிலை ரிக்கெற் விலை கேட்டார். உங்கடை ரிக்கெற்றை இதோடை வைச்சிருக்கிறன், மே மாசம் பதினாலு, சனிக்கிழமை. ஹல்வோருக்கு நெஞ்சிலை சளி, டொக்டர் முகம் நல்லாயில்லை. பதினேழாம் திகதி தேசிய நாள், அதுவரைக்கும் இருப்பன் எண்டு அவரே சொல்லிறார்.

நீங்கள் கேக்கத் துணியாததுக்கு நான் பதில் சொல்லவேணும். நானும் ஆருக்கும் சொன்னதில்லை, இவருக்குக்கூட.

அம்மா உங்களைத் தேடினவ. வெள்ளிக்கிழமை காலமை எட்டு மணிக்குக் கண் முழிச்சு, "மணி வந்திட்டாளோ?" எண்டு கேட்டா. நான் "ஓம் அம்மா, வந்திட்டா. வெளியிலை டொக்டரோடை கதைச்சுக்கொண்டு நிற்கிறா" எண்டன். "களைச்சுப்போய் வந்திருப்பாள், தேத்தண்ணி குடு" எண்டா. அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. முகம் நிம்மதியா இருந்தது.

உங்களோடை எனக்கு இருந்த கோபத்திலை பாதி அந்தப் பொய்தான் அக்கா. செத்துக்கொண்டிருக்கிற தாய்க்கு நான் பொய் சொல்ல வேண்டி வந்தது உங்களாலை எண்டு நினைச்சன். பின்னேரம் நீங்கள் வாசல்லை நிற்க, காலமை நான் சொன்ன பொய் உயிரோடை வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதுதான் கதவைச் சாத்தினனான்.

கடிதம் எழுத வேண்டாம். வாங்கோ.

தேவிகா


ரூட்டிங்
12.06.2005

என் தேவிகா,

வந்து சேர்ந்து மூன்று கிழமை. ரெலிபோனில் கதைக்கிறோம்தான், ஆனால் சிலதை எனக்கு எழுதத்தான் வரும். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

உன் மகளிடம் சொல், அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினாலாம் அறைக்கு வெளியே விட்டதை நான் மறக்கமாட்டேன். "தாந்தே, நீங்கள் போங்கோ, நான் இஞ்சை நிக்கிறன்" என்றாள். தாந்தே என்றால் பெரியம்மாவாம். கைப்பையை ஒருதரம் திறந்து மூடிவிட்டு உள்ளே போனேன்.

நீ வேலையில் நின்றாய், நடந்ததை நீ காணவில்லை. அவர் உடுப்பெல்லாம் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, கதிரையில் இருந்தார். நான் "நான் மணி" என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு, "நீங்கள் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தேன்" என்றார். ஐந்தடிகூட இல்லாத நான் அவர் முன்னால் கைப்பையோடு நிற்கிறேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கு இருமல் வந்து, தாதி ஓடிவந்து, என்னை முறைத்துப் பார்த்தாள்.

அவர் கையெழுத்து வைத்ததற்கு நன்றி சொன்னேன். "நான் என்ன செய்தேன்? உங்களைத்தானே நம்பினேன், அது சுகமான வேலை" என்றார். பிறகு தன் நாட்டு வங்கிகளைப் பற்றி ஒரு கதை, எங்கள் தலைவரைப் பற்றி ஒரு கதை. எதிரிகளுக்குள்ளே இவ்வளவு நாணயமான ஒரு கம்பி ஓடிக்கொண்டிருந்தது, உலகத்துக்குத் தெரியாது என்றார். இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அம்மாவைப் பற்றி அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. போகிற நேரம் என் நோகிற கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

தேசிய நாளைப் பார்த்துவிட்டு, நான் இங்கே திரும்பிய பிறகுதான் அவர் கண்ணை மூடினார் என்று நீ ரெலிபோனில் சொன்னாய். செத்த வீட்டுக்கு நீ போனது நல்லது. எங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் போயிருக்கிறாய்.

இப்போது சொல்லவேண்டியது. நீ அம்மாவிடம் சொன்ன பொய்யைப் பற்றி உன் வீட்டில் இருந்த எட்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. நீயும் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாய், தெரியும். உண்மை என்னவென்றால், முதல் எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேளாமல் என்னை அங்கே நிறுத்திவிட்டாயே என்று. அம்மா என்னை மன்னிக்கவோ ஏசவோ இடமில்லாமல் செய்துவிட்டாயே என்று. உன் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதைத்தான் நினைத்தேன்.

இங்கே வந்த பிறகு வேறு மாதிரி யோசிக்கிறேன். அந்தக் கிழமை ஒஸ்லோவில் இரண்டு பேர் என் பெயரில் பொறுப்பெடுத்திருக்கிறீர்கள். ஒருவர் வேலையைப் பணயம் வைத்து, மற்றவள் தாய்க்கு முன்னால் பொய் சொல்லி. "மணி வந்திட்டா" என்று நீ சொன்னது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை. வந்தேன்தானே, சில மணித்தியாலம் பிந்தி. என்னை வெறுத்துக்கொண்டிருந்த நேரத்திலும் அம்மாவிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் கதைத்திருக்கிறாய். என் வேலையை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன். நீ செய்தது அதைவிடக் கடினம். அம்மாவைப் பார்த்தது, குளிப்பாட்டியது, கடைசியில் அந்த ஒரு வசனம், எல்லாம் நீ தனியாக. நான் யாரையும் இலகுவில் புகழ்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். உன்னை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது.

உன் புருஷன் விமான நிலையத்தில் வைத்து, "மச்சாள், லண்டனிலை தனிய என்ன செய்யிறியள், ஹவுகன்ஸ்டுவாவிலை ரண்டு அறை வீடு வாடகைக்குக் கிடக்கு" என்று சொன்னார். பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது. நான் பகிடியாக எடுக்கவில்லை. இந்த வீட்டை விடுகிறேன் என்று வீட்டுக்காரனுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். என்னைத் திருப்பி அனுப்ப நினைத்தால் இந்தக் கிழமைக்குள் சொல்.

இல்லாவிட்டால் செப்ரெம்பர் மூன்றாம் திகதி, சனிக்கிழமை, பத்து மணிப் பிளேன். உங்கள் ஊரில் விற்கிற அரிசிமாவில் புட்டு களியாகத்தான் வரும். வாங்கி வைக்காதே. நான் வறுத்துக் கொண்டுவாறன்.

அக்கா